போர்டு கேம் வாங்கும் முன் ஆளைப் பாருங்கள்

புதிதாக போர்டு கேம் பக்கம் வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த கேம் நல்லா இருக்கும்?" என்பதுதான். பதிலுக்கு நான் மூன்று கேள்வி கேட்பேன். யாரோடு விளையாடப் போகிறீர்கள்? வழக்கமாக எத்தனை பேர் சேர்வீர்கள்? அவர்கள் ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் உட்காருவார்கள்? இந்த மூன்றும் தெரியாமல் எந்தப் பெயரைச் சொன்னாலும் அது குத்துமதிப்புதான். நல்ல கேம்களுக்கு இன்றைக்குப் பஞ்சமே இல்லை. வாங்கிய கேமைத் திரும்பத் திரும்ப எடுத்து விரிக்கிற கூட்டம் அமைவதுதான் அரிது. அதனால் பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் ஆட்களைப் பார்க்க வேண்டும் என்பது, பல வருடம் விளையாடியதில் எனக்குள் ஊறிப்போன எண்ணம்.

என்னைச் சுற்றி மூன்று விதமான கூட்டம் உண்டு. வீட்டில் நானும் மனைவியும் மட்டும் விளையாடுவது ஒன்று. நண்பர்கள் நான்கு பேர் கூடுவது இன்னொன்று. விடுமுறையில் அக்கா குடும்பமும் அம்மாவும் சேர்ந்து உட்காருவது மூன்றாவது. ஒரு கூட்டத்தில் எல்லாரும் கொண்டாடிய கேம், அடுத்த கூட்டத்தில் அரைமணி நேரத்தில் படுத்துவிடும்.

கட்டான் என்ற கேமை எடுத்துக்கொள்வோம். க்ளாவுஸ் டாய்பர் வடிவமைத்து 1995-ல் ஜெர்மனியில் வெளிவந்தது. அந்த வருடமே அங்கே ஆண்டின் சிறந்த கேமுக்கான 'ஸ்பீல் டெஸ் யாரெஸ்' விருதையும் வாங்கியது. இரண்டு பகடையை உருட்ட வேண்டும். கூட்டினால் வருகிற எண் எந்த அறுகோண நிலத்தில் இருக்கிறதோ, அதை ஒட்டி வீடு கட்டியவருக்கு மரமோ செங்கல்லோ கோதுமையோ கார்டாகக் கிடைக்கும். மொத்தம் 36 விதமாக விழக்கூடிய பகடையில் 6-க்கும் 8-க்கும் தலா 5 வழி, 7-க்கு 6 வழி. 7 விழுந்தால் விளைச்சல் கிடையாது. உருட்டியவர் கொள்ளைக்காரனை நகர்த்தி யாராவது ஒருவருடைய நிலத்தை முடக்குவார்.

நண்பர்கள் கூட்டத்தில் ஒருநாள், ஒருவர் ஆரம்பத்திலேயே இரண்டு வீட்டையும் 8-ஐ ஒட்டி நல்ல இடமாகப் பார்த்து வைத்துவிட்டார். மற்ற மூன்று பேரும் அதைக் கவனித்துக்கொண்டோம். 7 விழும்போதெல்லாம் கொள்ளைக்காரன் அவருடைய நிலத்தில் போய் உட்கார்ந்தான். மனிதர் சளைக்கவில்லை. "ஒரு செங்கல் கொடு, ரெண்டு ஆடு தர்றேன்" என்று ஒவ்வொருவரிடமும் பேரம் பேசினார். "என்னை விடு, அவனோட ரோட்டைப் பாரு, அடுத்த சுத்துல முடிச்சிடுவான்" என்று பேச்சைத் திருப்பினார். கடைசியில் ஜெயிக்கத் தேவையான 10 புள்ளியைத் தொட்டதும் அவர்தான். அந்தப் பேரமும் அந்தக் கெஞ்சலும்தான் கட்டான்.

அதே கேமை அக்கா குடும்பத்தோடு விரித்தபோது சங்கதி வேறு மாதிரி இருந்தது. சின்னப் பையனின் நிலத்தில் கொள்ளைக்காரனை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பேரம் பேச அம்மாவுக்குக் கூச்சம். கார்டுகள் கைமாறவே இல்லை; எல்லாரும் அவரவர் எண் விழக் காத்திருந்தார்கள். கேமில் ஒரு குறையும் இல்லை. வாய்ச்சண்டை போடத் தயாராக இருக்கிறவர்களுக்காக உருவான ஆட்டம் அது. தவிர, அடிப்படைப் பெட்டி 3 அல்லது 4 பேருக்குத்தான். நானும் மனைவியும் மட்டும் இருக்கிற நாளில் அது அலமாரியை விட்டு இறங்காது.

அம்மா விரும்பி உட்கார்ந்தது டிக்கெட் டு ரைடுக்கு. ஆலன் மூனின் இந்த கேம் வெளிவந்தது 2004-ல். ஒரே நிறக் கார்டுகளைச் சேர்த்து, இரண்டு ஊருக்கு நடுவே ரயில் பெட்டிகளை வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு முறைக்கு ஒரே ஒரு காரியம்: கார்டு எடு, இல்லையென்றால் பாதை போடு, இல்லையென்றால் எந்த ஊரையும் எந்த ஊரையும் இணைக்க வேண்டும் என்று சொல்கிற புது டிக்கெட் எடு. யாரிடமும் நேராக மோத வேண்டியதில்லை. ஆனால் நாம் கண் வைத்திருந்த பாதையில் வேறொருவர் ரயிலை வைக்கும்போது வருகிற "ஐயோ!" இருக்கிறதே, அது எல்லா வயதுக்கும் புரிகிறது. ஆட்டம் முடிந்து புள்ளி எண்ணும்போதே அம்மா, "இன்னொரு தரம் போடலாமா?" என்று கேட்டார். ஒரு கேம் அந்தக் கூட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று நான் பார்க்கிற சோதனை இதுதான். "நல்லா இருந்துச்சு" என்று மரியாதைக்குச் சொல்வது வேறு, இன்னொரு ஆட்டம் கேட்பது வேறு.

அடுத்தது, எத்தனை பேர் என்பது. பெட்டியில் 2 முதல் 5 பேர் என்று போட்டிருந்தால், ஐந்து பேரோடும் இரண்டு பேரோடும் அது ஒரே கேம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டிக்கெட் டு ரைடில் 2 அல்லது 3 பேர் ஆடினால், இரண்டு ஊருக்கு நடுவே அருகருகே போகிற இரட்டைப் பாதைகளில் ஒன்றை மட்டுமே பயன்படுத்தலாம் என்று விதி இருக்கிறது. அப்படியும் அடிப்படைப் பெட்டியில் இருக்கிற அமெரிக்க வரைபடம் இரண்டு பேருக்கு ரொம்ப விசாலமாக இருக்கும். ஒருவரை ஒருவர் மறிக்காமலே ஆட்டம் முடிந்துவிடும். இதற்காகவே 2, 3 பேருக்கென்று நார்டிக் நாடுகள் வரைபடம் தனியாக இருக்கிறது. வழக்கமாக இரண்டு பேராக ஆடுகிறவர்கள் அந்த வரைபடத்தைப் பார்ப்பது நல்லது.

அசுல் இதற்கு நேர்மாறு. மிஷாயேல் கீஸ்லிங் 2017-ல் கொண்டுவந்த இந்த கேமில், நடுவே வட்டத் தட்டுகளில் நான்கு நான்காக வண்ண டைல்கள் இருக்கும். 4 பேர் என்றால் 9 தட்டு, 2 பேர் என்றால் 5 தட்டு. 4 பேர் ஆடும்போது நம் முறை வருவதற்குள் பாதித் தட்டு காலி. கணக்குப் போட்டுப் பெரிதாகப் பயனில்லை, கிடைத்ததை வைத்து அழகாக அடுக்க வேண்டியதுதான். 2 பேர் ஆடும்போதோ இருக்கிற டைல் எல்லாம் கண்முன்னே தெரியும். ஒரு சுற்றின் கடைசியில் நடுவில் நீல டைல்கள் மட்டும் குவிந்து கிடந்தன. அடுத்த முறை என்னுடையது. நீலம் வைக்க என் பலகையில் இடமே இல்லை என்பது மனைவிக்குத் தெரியும். அப்படி நடக்கத்தான் அதற்கு முந்தைய முறையில் வேண்டுமென்றே ஒரு மஞ்சளை எடுத்தாள். வைக்க இடமில்லாத டைல்கள் போகிற தரைவரிசையில் ஐந்து விழுந்தால் 8 புள்ளி போய்விடும். நான் எடுத்தது சரியாக ஐந்து. பார்க்க அவ்வளவு சாதுவாக இருக்கும் கேம், இரண்டு பேருக்கு நடுவே சதுரங்கம் போல ஆகிவிடுகிறது. எங்களுக்கு அது பிடித்திருக்கிறது. கணக்குப் பார்க்காமல் நிதானமாக ஆட நினைக்கும் தம்பதிக்கு அசுலைச் சிபாரிசு செய்ய நான் யோசிப்பேன். ஊவே ரோசன்பெர்க்கின் பேட்ச்வர்க்கைச் சொல்வேன். அது இரண்டு பேருக்கென்றே செய்தது, துணித்துண்டுகளை ஒட்டிப் போர்வை தைக்கிற ஆட்டம்.

இதையெல்லாம் வாங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. போர்டுகேம்கீக் தளத்தில் ஒவ்வொரு கேமுக்கும் எத்தனை பேர் ஆடினால் நன்றாக இருக்கும் என்று ஆடியவர்களே வாக்களித்திருப்பார்கள். மேலே பெரிதாகத் தெரிகிற மதிப்பெண்ணைவிட எனக்கு அந்த வாக்குதான் முக்கியம். அதே பக்கத்தில் கேம் எவ்வளவு கனம் என்பதை 1 முதல் 5 வரை போட்டிருப்பார்கள். பெட்டியின் எடை அல்ல, மூளைக்கு எவ்வளவு வேலை என்பது. பிராஸ்: பர்மிங்காம் 4-ஐ நெருங்கும், அசுல் 2-க்கும் கீழே. தரவரிசையில் உச்சத்தில் நிற்பவற்றில் கனமான கேம்கள் நிறைய இருப்பதைப் பார்த்துவிட்டுப் புதியவர்கள் அதிலிருந்து தொடங்கப் பார்க்கிறார்கள். அங்கே மதிப்பெண் போடுகிறவர்களில் நிறையப் பேர் இதில் ஊறியவர்கள். அவர்களுடைய ரசனை உண்மையானதுதான், ஆனால் அவர்கள் உங்கள் மேஜைக்கு வரப்போவதில்லை. 2-ஐ ஒட்டிய கேம்களை ஆசை தீர ஆடிவிட்டு, கூட்டமே "இன்னும் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி வேணும்" என்று கேட்கும்போது 3-க்குப் போகலாம்.

புதியவர்களுக்கு ஸ்பீல் டெஸ் யாரெஸ் பட்டியல் இன்னும் நல்ல வழிகாட்டி. 1979-லிருந்து கொடுக்கிறார்கள். குடும்பமாக ஆடத் தக்கதா, விதிகள் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஓரளவு பழகியவர்களுக்காக 'கென்னர்ஸ்பீல்' என்ற விருது 2011-லிருந்து தனியாக இருக்கிறது. எலிசபெத் ஹார்க்ரேவின் விங்ஸ்பான் 2019-ல் வாங்கியது அந்த விருதைத்தான். பறவைப் படங்களைப் பார்த்து மயங்கி அதை முதல் கேமாக வாங்க நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படைப் பெட்டியில் 170 பறவைக் கார்டு இருக்கிறது; பெரும்பாலானவற்றில் படித்துப் புரிந்துகொள்ள ஒரு வரி இருக்கும்.

அந்த ஒரு வரி எங்கள் வீட்டில் பெரிய விஷயம். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கார்டில் எழுத்து இருந்தால், ஒவ்வொரு முறையும் கையிலிருக்கும் கார்டை யாரிடமாவது காட்டிக் கேட்க வேண்டும். ரகசியம் போய்விடும், அவருக்கும் சங்கடம். அதனால் குடும்பத்துக்கு வாங்கும்போது, விளையாடும் காய்களிலும் கார்டுகளிலும் எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். விதிப்புத்தகம் எந்த மொழியில் இருந்தாலும் பரவாயில்லை, அதை ஒருவர் படித்தால் போதும். அசுலிலும் கார்கசோனிலும் டைல்கள் மட்டும்தான். ஸ்ப்ளெண்டரில் கற்களின் படமும் எண்ணும். இவை மொழி தெரியாமலே ஆடலாம்.

கோட்நேம்ஸ் முழுக்கச் சொற்களாலான கேம், ஆனால் அதை நாங்கள் தமிழாக்கிக்கொண்டோம். வ்லாடா க்வாடில் 2015-ல் கொண்டுவந்தது. 25 சொற்கள் ஐந்துக்கு ஐந்தாகப் பரப்பியிருக்கும்; அணித்தலைவர் ஒரே ஒரு சொல்லும் ஒரு எண்ணும் சொல்லி, தன் அணியின் சொற்களைக் கண்டுபிடிக்க வைக்க வேண்டும். வெற்று அட்டைகளில் நாங்களே சொற்களை எழுதிக்கொண்டு, எந்தச் சொல் எந்த அணிக்கு என்று காட்டுகிற, பெட்டியில் வருகிற வரைபடக் கார்டை அப்படியே பயன்படுத்துகிறோம். இரண்டு பொருள் உள்ள சொற்களாகப் பொறுக்கி எழுதுவதுதான் சூட்சுமம்: திங்கள், மாலை, படி, ஆறு, கலை. வெறும் பொருட்பெயராக எழுதினால் ஆட்டம் சப்பென்று இருக்கும். இந்த ஆட்டத்தில் அம்மாவை ஜெயிக்க எங்களில் யாருக்கும் சுலபமாக முடிவதில்லை.

எல்லாரும் ஒரே அணியாகச் சேர்ந்து கேமை எதிர்த்து ஆடுகிற கோ-ஆப் வகை, தோற்பதைத் தாங்காத குழந்தைகளுக்கும் போட்டி பிடிக்காதவர்களுக்கும் நல்ல வழி. மாட் லீகாக்கின் பாண்டமிக் இதில் பேர்போனது, 2008-ல் வந்தது. ஆனால் விவரம் தெரிந்த ஒருவர் மற்றவர்களின் முறையையும் சேர்த்து ஆடிவிடுகிற ஆபத்து இதில் உண்டு. "நீ அட்லாண்டா போ, இந்தக் கார்டை அவகிட்ட கொடு" என்று உத்தரவு போட ஆரம்பித்தால் மற்ற மூவரும் கை மட்டும்தான் நகர்த்துகிறார்கள். உங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால், பேச்சையே கட்டுப்படுத்துகிற கோ-ஆப் வாங்குங்கள். ஆன்த்வான் பௌசாவின் ஹனாபியில் உங்கள் கார்டு மற்றவர்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அடுத்தவர் கொடுக்கிற குறிப்பை நம்பித்தான் இறக்க வேண்டும். தோமாஸ் சிங்கின் தி க்ரூ, சீட்டாட்டம் பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்: குறிப்பிட்ட கார்டுகளை யார் பிடிக்க வேண்டும் என்பதுதான் குறி, ஆனால் கையில் இருப்பதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. 50 பணிகள் படிப்படியாகக் கடினமாகிக்கொண்டே போகும். சின்னப் பெட்டி, அதற்குள் இவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று நம்ப முடியாது.

நேரக் கணக்கு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் போட்டிருப்பது, விதி தெரிந்தவர்கள் ஆடினால் ஆகிற நேரம். முதல் ஆட்டத்துக்கு அதை இரண்டு மடங்காக எடுத்துக்கொண்டு, விளக்கிச் சொல்கிற நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கிச் சொல்வது வாங்கியவருடைய வேலை. அதனால் எனக்குச் சொல்லித்தர வருமா என்பதும் வாங்குவதில் ஒரு பகுதி. நிறையப் பதிப்பாளர்கள் விதிப்புத்தகத்தைத் தங்கள் தளத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். நான் அதை இறக்கிப் படித்துவிட்டு, மனைவியிடம் ஐந்து நிமிடத்தில் சொல்லிப் பார்ப்பேன். நடுவிலேயே நான் தடுமாறினால் அந்த கேம் இப்போதைக்கு வேண்டாம். வாங்கிய பிறகும், முதல் ஆட்டத்தில் எல்லா விதியையும் கொட்ட வேண்டியதில்லை. கார்கசோனில் 72 டைல்; ஒன்றை எடு, பொருத்து, வேண்டுமானால் ஆளை வை. இதில் வயலில் படுக்க வைக்கிற விவசாயிக்குக் கடைசியில்தான் புள்ளி எண்ணுவோம், அந்த வயலைத் தொடுகிற ஒவ்வொரு முழு நகரத்துக்கும் 3 புள்ளி. புதியவர்களைக் குழப்புவது இந்த ஒன்றுதான். முதல் தடவை விவசாயியை விட்டுவிட்டு ஆடுங்கள், அடுத்த ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

விமர்சன வீடியோக்களைவிட, ஒரு ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை காட்டுகிற வீடியோ எனக்கு அதிகம் உதவுகிறது. விமர்சகர் எதைப் பாராட்டுகிறார் என்பது அவருடைய ரசனை. முழு ஆட்டத்தில், ஒருவர் யோசிக்கும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியும். போனை எடுக்கிறார்களா, பலகையைப் பார்க்கிறார்களா? அதுபோக, போர்ட் கேம் அரீனா போன்ற இணையதளத்தில் கார்கசோன், செவன் வொண்டர்ஸ் என்று ஏராளமான கேம்களை ஆடிப் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம். யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்கி ஆடிப்பாருங்கள். பலருக்கு அதோடு ஆசை தீர்ந்துவிடும். தீராவிட்டால் அதை நம்பி வாங்கலாம்.

தயாரிப்பதற்கு முன்பே பலரிடம் பணம் வாங்குகிற கூட்டுநிதித் திரட்டலில் வருகிற கேம்களில் நான் நிதானமாக இருக்கச் சொல்வேன். நான் பணம் கட்டிய ஒரு கேம், சொன்ன தேதி தாண்டி ஒரு வருடத்துக்கு மேல் கழித்து வந்தது. அதற்குள் எங்கள் நால்வரில் ஒருவர் வேலை மாறி வெளியூர் போய்விட்டார். நான்கு பேர் இல்லாமல் அந்த கேமில் சுவாரசியம் இல்லை. நிதி கட்டுவது கடையில் பொருள் வாங்குவது மாதிரி அல்ல. வெறும் அட்டை டோக்கன் போதுமான இடத்தில் குட்டிச் சிலைகள் கொடுத்து விலை ஏற்றியிருந்தால், சிலையை எடுத்துவிட்டு ஆட்டத்தைக் கற்பனை செய்து பாருங்கள். அப்போதும் ஆசையாக இருந்தால் சரி.

ஒரு கேமோடு சேர்த்து ஆடத் தனியாக விற்கிற கூடுதல் பெட்டியான எக்ஸ்பான்ஷனுக்கும் இதே நிதானம்தான். டொமினியன் என்ற கார்டு கேமில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 10 வகைக் கார்டுகளைத்தான் தேர்ந்தெடுத்து வைக்கிறோம். அடிப்படைப் பெட்டியிலேயே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வகைகள் உண்டு. அவற்றையே எல்லாரும் கலந்து கலந்து ஆடி முடிக்கவில்லை என்றால் அடுத்த பெட்டி எதற்கு? எக்ஸ்பான்ஷன் வேண்டும் என்று நான் நினைத்தால் வாங்குவதில்லை. கூட ஆடுகிறவர்கள் கேட்டால் வாங்குவேன்.

க்ளூம்ஹேவன் போன்ற தொடர்கதை கேம்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஐசக் சில்ட்ரெஸ் 2017-ல் கொண்டுவந்த அந்தப் பெட்டியே சுமார் 10 கிலோ. அருமையான கேம், பகடை கிடையாது, ஒவ்வொரு முறையும் இரண்டு கார்டைத் தேர்ந்தெடுத்து ஒன்றின் மேல்பாதியையும் மற்றதன் கீழ்பாதியையும் பயன்படுத்துவது ஆடி அலுக்காத யோசனை. ஆனால் அதே ஆட்கள் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வர வேண்டும். பாண்டமிக் லெகசி மாதிரி ஸ்டிக்கர் ஒட்டி, கார்டைக் கிழித்து ஆடுகிற கேம்களுக்கும் அதே கட்டாயம். பாண்டமிக் லெகசியின் முதல் சீசனை முடிக்க 12 முதல் 24 ஆட்டம் ஆகும். நண்பர்களிடம் நாள் குறித்து வாக்கு வாங்கிக்கொண்டு, அப்புறம் வாங்குங்கள். ஆள் சேரவில்லை என்றால் மனைவியோ தோழரோ ஒருவர் போதும், க்ளூம்ஹேவன் இரண்டு பேருக்கு நன்றாகவே ஓடுகிறது.

வருடத்துக்கு ஒருமுறை அலமாரியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி, கடைசியாக யாரோடு ஆடினோம் என்று ஒவ்வொன்றையும் பார்ப்போம். ஒரே மாதிரியான இரண்டு கேம் இருந்தால், எதை எல்லாரும் கேட்கிறார்களோ அது இருக்கும், மற்றது வேறு கூட்டத்துக்குப் போகும். கொடுப்பதற்கு முன் விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிற பட்டியலோடு காய்களை எண்ணிப் பாருங்கள். டிக்கெட் டு ரைட் என்றால் ஒருவருக்கு 45 ரயில் பெட்டி இருக்க வேண்டும். ஏதாவது குறைந்திருந்தால் பதிப்பாளருக்கு எழுதிக் கேட்கலாம். பலர் விடுபட்ட துண்டை அனுப்பி வைக்கிறார்கள். வாங்கிப்போகிறவரோடு முடிந்தால் ஒரு ஆட்டம் சேர்ந்து ஆடிவிட்டுக் கொடுங்கள். விதியைப் படித்துக் கற்றுக்கொள்கிற சிரமம் அவருக்கு மிச்சம், கேமும் அந்த வாரமே அங்கே மேஜைக்கு வந்துவிடும்.